கம்பத்தில் ஆள்

தங்கையாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய சட்டைப்பையில் தொடங்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கரண்டைத் துண்டித்தால், பியூஸைக் கழற்றி இடப்பக்கச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மேசையில் வைக்க மாட்டார். முதலாளி கேட்டாலும் கொடுக்க மாட்டார். வேலை முடியாமல் வீட்டுக்குப் போனால் பியூஸும் அவரோடு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போகும். அவர் மனைவி பாக்கியலெட்சுமி சட்டையைத் தண்ணீரில் போடும் முன் பையைத் தட்டிப் பார்ப்பார்.

பியூஸ் கழன்ற இடத்தில் ஒரு அட்டை தொங்கும். "தொடாதே, வேலை நடக்கிறது." மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். இந்த அட்டைக்கு ஒரு கதை உண்டு.

தங்கையா மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இருபத்திரண்டு வயதில் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கொழுந்து வாட்டும் மாடியில் ஆள் உயர விசிறி ஒன்று இருந்தது. ஒரு நாள் வேலுசாமி என்ற தொழிலாளி அதன் இறக்கைகளைத் துடைக்க உள்ளே போனார். கீழே சுவிட்சில் அட்டை தொங்கியது. அட்டை இங்கிலீசில் இருந்தது. சுவிட்சைப் போட்டவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும். இங்கிலீசு தெரியாது. வேலுசாமி உயிரோடு வெளியே வரவில்லை. விசாரணையில் எழுதினார்கள்: எச்சரிக்கை அட்டை முறைப்படி தொங்கவிடப்பட்டிருந்தது, நிர்வாகத்தின் மீது தவறில்லை.

அதன் பிறகு தங்கையாவால் அங்கே இருக்க முடியவில்லை. கொழும்புக்கு வந்தார். இரத்மலானையில் மின்சாரப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பனியில் வேலை கிடைத்தது. தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். கூட்டங்களில் அதிகம் பேச மாட்டார். கேட்டது ஒன்றுதான். அட்டை மூன்று மொழியில் வேண்டும். சங்கத்துக்குத் துண்டுப்பிரசுரம் எழுதிவந்த நான்தான் அந்தக் கோரிக்கையை ஏழாவது இடத்தில் போட்டேன். சம்பளமும் லீவும்தான் முன்னால் நின்றன. வந்து என்னிடம் கேட்டார், "ஏழாவதா போட்டிருக்கீங்களே தோழர், செத்தவன் வரிசையில நிக்கவா?" அடுத்த பிரசுரத்தில் முதலாவதாகப் போட்டேன். இரண்டரை நாள் வேலையை நிறுத்தி அதை வென்றோம். சம்பளத்தை வெல்லவில்லை.

அடுத்த வருடம் நாடு முழுக்க நடந்த வேலைநிறுத்தத்தில் அவருக்கு வேலை போனது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவர்கள் இருந்த அறையும் எரிந்தது. கருவிப் பெட்டி பக்கத்துச் சிங்கள வீட்டுக் கட்டிலுக்குக் கீழே இருந்ததால் தப்பியது. அதை வைத்துக்கொண்டு தனியாள் வேலையாகத் தொடங்கினார். அட்டையை மட்டும் விடவில்லை. மேலும் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் மூன்று மொழியில் எழுதினார்.

விட்டது தொண்ணூற்றாறில்.

அந்த வருடம் ஜனவரியில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது. பிறகு கொழும்பில் தமிழன் நடமாடுவதற்கு அடையாள அட்டையும் பொலிஸில் பதிந்த துண்டும் இருந்தாலும் போதாது என்று ஆனது. அதோடு மழையும் பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றி, வருட நடுவில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் வரை மின்வெட்டு. கடை வைத்திருந்தவன் எல்லாம் ஜெனரேட்டர் வாங்கினான். தங்கையாவுக்கு வேலை குவிந்தது. ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய சாமான் என்ன? டைமர், ரிலே, பட்டரி, மெல்லிய சிவப்பு வயர். ஒரு தமிழன் பையில் அந்த நாட்களில் இருக்கவே கூடாத சாமான்கள்.

மே மாதம் ஒரு கடையில் அவர் செய்த பெட்டியைச் சோதனைக்கு வந்தவர்கள் திறந்து பார்த்தார்கள். உள்ளே டைமர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே தமிழெழுத்தில் ஒரு அட்டை. இது என்ன ரகசிய எழுத்து என்று கேட்டு அவரை ஒரு பகலும் ஒரு இரவும் பிடித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பாக்கியலெட்சுமி அவர் முன்னால் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னார்: "சிங்களத்துல எழுதுங்க, இங்கிலீசுல எழுதுங்க. நம்ம எழுத்து வேணாம். எனக்கு நீங்க வேணும்."

அவர் சரி என்றார். அந்த 'சரி'யைக் கோழைத்தனம் என்று இன்று சொல்லிவிடலாம். அன்று அந்த அறையில் நான் இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். தமிழ் வரி இல்லாத அட்டைகள் பத்து எழுதிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் வெள்ளவத்தையில் ஒரு வேலை வந்தது. கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுகலான ஒழுங்கை ஒன்றில் நாலு மாடி லொட்ஜ். உரிமையாளர் கனகசபாபதி, யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற கிளார்க். வெளிநாடு போகக் காத்திருக்கும் வடக்குச் சனம் அங்கே தங்கியிருந்தது. கீழ்த் தட்டில் மூன்று டெலிபோன் கூண்டுகள். லண்டனிலிருந்து மகன் எடுப்பான், மகள் எடுப்பாள் என்று தாய்மார் நேரம் குறித்துக்கொண்டு கூண்டருகே இருப்பார்கள். கூண்டுகளுக்கு அழைப்பை மாற்றிக் கொடுக்கும் பெட்டி கரண்டில் ஓடுவது. மின்வெட்டு வந்தால் லண்டன் குரல் கிடையாது. ஆகவே வெட்டு வந்ததும் தானாக எழும்பும் ஜெனரேட்டர் வேண்டும் என்றார் கனகசபாபதி.

அந்த வேலையில் ஒரே ஒரு ஆபத்துத்தான் உண்டு. ஒரு சுவிட்ச் தெருக் கரண்டைக் கட்டிடத்துக்குள் விடும். இன்னொன்று ஜெனரேட்டர் கரண்டை விடும். சுவிட்ச் மூடினால்தான் கரண்ட் ஓடும். இரண்டும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் ஜெனரேட்டர் கரண்ட் வந்த வழியே தெருவுக்குப் போகும். தெருவில் கரண்ட் இல்லை என்று நம்பி எவனாவது கம்பத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்திருந்தால் அவன் கதை அதோடு முடிந்தது. ஆகவே இரண்டு பூட்டுப் போட வேண்டும். ஒன்று வயர் பூட்டு: ஒரு சுவிட்ச் மூடியிருந்தால் மற்றதுக்கு உத்தரவு போகாதபடி வயரை இழுப்பது. மற்றது இரும்புப் பூட்டு: வயர் பிழைத்தாலும் இரண்டும் சேர்ந்து மூட முடியாதபடி நடுவில் ஒரு கம்பி. ஒன்று போதும் என்று பலர் விட்டுவிடுவார்கள். தங்கையா விட மாட்டார்.

புறக்கோட்டையில் சாமான் விற்கும் ஷரீப் இரும்புப் பூட்டு செவ்வாய்க்கிழமை வரும் என்றார். திங்கள் மாலை வரை தங்கையா மற்ற வேலைகளைச் செய்தார். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதிப்பதற்காக வயர் பூட்டைத் தாண்டி ஒரு தற்காலிகச் சிவப்புத் துண்டு வயர் போட்டிருந்தார். தெருப் பக்கச் சுவிட்சை, லொட்ஜுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக, பட்டரியால் இழுத்து மூடி வைத்திருந்தார்; தெருவில் வெட்டு வந்தாலும் அது திறக்காது. அதாவது அன்று மாலை அந்தச் சுவிட்சுப் பெட்டியில் ஒரு பூட்டும் இல்லை. அவருக்கு அது தெரியும். ஜெனரேட்டர் பக்கத்துப் பியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். அட்டையைத் தொங்கவிட்டார்.

கிளம்பும்போது கனகசபாபதி ஒரு செய்தி சொன்னார். லொட்ஜுக்குப் பெரிய வயர் கேட்டிருந்தாராம். மின்சார ஆட்கள் நாளைக்கு வெட்டு நேரத்தில், ஒன்றரை மணிக்கு, வந்து கம்பத்தில் மாற்றுகிறார்களாம்.

"அப்ப நாளைக்கு நா வந்து முடிக்கிற வரைக்கும் யாரும் மெஷின தொடக்கூடாதுங்க ஐயா. ஒரு ஆளும்."

"நீர்தானே பியூஸைப் பொக்கற்றுக்கை கொண்டு போறீர். பிறகென்ன பயம் காணும்?" என்றார் கனகசபாபதி. "நான் நாளைக்கு டீசல் விசயமாக் கொலன்னாவைக்குப் போறன். நீர் காலமை வாரும்."

லொட்ஜில் கேட் திறப்பது, மெஷினுக்கு டீசல் ஊற்றுவது எல்லாம் இராமர். அவரும் தோட்டத்தவர், தங்கையாவை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர்; லொட்ஜில் முன்பு இருந்த பழைய மெஷினைத் திருத்த வந்தபோதே பழக்கம். அன்று அவர் இல்லை. ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். அவருக்குச் சொல்லும்படி தங்கையா கனகசபாபதியிடம் சொன்னார். கனகசபாபதி மறந்தார். அட்டை சொல்லும் என்று தங்கையா நினைத்தார்.

செவ்வாய் காலை ஷரீபின் கடை திறந்ததும் இரும்புப் பூட்டை வாங்கிக்கொண்டு, இரண்டு டைமர், ஒரு ரிலே, வயர்ச் சுருளோடு பஸ் ஏறினார். கடலோரமாகக் காலி நகருக்குப் போகும் காலி வீதியில் பத்து மணிக்குப் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். எல்லாரும் ஏறினார்கள். தங்கையா ஏறவில்லை.

பொலிஸ் நிலையத்தில் பையை மேசையில் கொட்டினார்கள். டைமர்களை யாரும் தொடவில்லை. இன்ஸ்பெக்டர் தள்ளி நின்று ஒரு பென்சிலால் காட்டிக் காட்டிக் கேட்டார். தங்கையாவுக்குச் சிங்களம் சரளமாக வரும். ஆனாலும் பக்கத்தில் ஒரு தமிழ் தெரிந்தவரை நிறுத்தினார்கள். கொம்பனித்தெருவைச் சேர்ந்த முஹம்மது என்ற கான்ஸ்டபிள். ஒரே கேள்விகளை இரண்டு மொழியில் இரண்டு மணித்தியாலம் கேட்டார்கள். தங்கையா எரிச்சல்படாமல் பதில் சொன்னார். கனகசபாபதியின் பேரைச் சொன்னார். லொட்ஜின் விலாசத்தைச் சொல்லவில்லை. அங்கே போனால் தங்கியிருக்கும் பொடியன்களை அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டரை மணி இருக்கும். மிச்சமிருந்த அட்டைகளில் ஒன்றை முஹம்மது கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எனத்த இது, சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் மட்டும் ஈக்கி? அங்க வேல செய்ற ஆள் எல்லாம் தமிழ் ஆக்கள் எண்டுதானே செல்றீங்க. இத யாரு வாசிக்கிற?"

தங்கையா அட்டையைப் பார்த்தார். பிறகு அவர் என்னிடம் சொன்னார், அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் தேயிலைத் தொழிற்சாலையின் விசிறிச் சத்தம் கேட்டது என்று. இராமர் காலைப் பஸ்ஸில் திரும்பியிருப்பார். இராமருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். ஒன்றரைக்கு வெட்டு வரும். கூண்டருகே ஒரு தாய் அழுவாள். பியூஸ் இல்லாத இடத்தில் ஒரு செப்புக் கம்பியை முறுக்கி வைத்து வெளிச்சம் எடுப்பது தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்த எவனுக்கும் தெரிந்த வித்தை. அதே நேரம் கம்பத்தில் ஆள் ஏறியிருப்பான்.

இன்ஸ்பெக்டரிடம் என்ன சொல்வது? மேசையில் டைமர் இருக்கிறது. வயர் இருக்கிறது. எதிரில் ஒரு தமிழன். அவன் வாயைத் திறந்து, இன்ன இடத்தில் ஒரு மெஷின் இருக்கிறது, ஒன்றரை மணிக்கு அதை ஓடவிட்டால் ஆள் சாவான் என்று சொன்னால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? இதுவரை அவர்களிடம் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. மாலையில் ஷரீபைக் கூப்பிட்டு விசாரித்து விட்டுவிடவும் கூடும். வாயைத் திறந்தால் அது வாக்குமூலம். பூசா தடுப்பு முகாமில் எத்தனை பேர் இதைவிடக் குறைவாகச் சொல்லிவிட்டு வருடக்கணக்கில் கிடந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் தமிழில் முஹம்மதுவுக்குச் சொன்னார். பிறகு தானே சிங்களத்தில் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார்.

"சேர், வெள்ளவத்தையில நா செஞ்ச மெஷின் ஒண்ணு இருக்கு. ஒன்றரைக்கு அத ஸ்டார்ட் பண்ணி லைன் குடுத்தா கம்பத்துல நிக்கிற ஆள் செத்துப்போவான். ஒரு போன் போடுங்க. அப்புறம் என்னைய என்ன வேணுமானாலும் செய்யுங்க."

 போன் போட இன்ஸ்பெக்டர் மறுத்தார். மணி அடித்தால் எது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். அந்தக் காலத்தில் அது பைத்தியக்காரக் கேள்வி இல்லை. இரண்டு ஜீப் எடுத்தார்கள். ஆமிக்கும் சொல்லிவிட்டார்கள். தங்கையாவுக்குக் கைவிலங்கு மாட்டினார்கள். விலாசத்தைச் சொல்லும்போது அவர் முகத்தைக் கீழே வைத்துக்கொண்டார் என்று முஹம்மது பிறகு சொன்னார்.

வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். ஜீப்பையும் நிறுத்தினார்கள். ஒழுங்கைக்குள் நுழையும்போது மணி ஒன்று ஐம்பது. வெட்டு வந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. கம்பத்தில் குணதிலக்க என்ற மின்சார சபை லைன்காரர் ஏணியில் நின்று லொட்ஜின் புது வயரைக் கம்பத்துக் கம்பியோடு சேர்க்க உரித்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் இன்னும் லைன் கொடுக்கவில்லை, கரண்டைக் கட்டிடத்துக்குள் விடவில்லை. காரணம் ஒன்றுதான். இயந்திரத்தை எழுப்பியதும் உடனே பாரம் ஏற்றாதே, ஐந்து நிமிடம் சூடாக விடு என்று தங்கையா இராமருக்கு ஒரு வருடத்துக்கு முன் பழைய மெஷினில் சொல்லிக் கொடுத்திருந்தார். இராமர் தோட்டத்தில் வேலை செய்து பழகியவர். சொன்ன ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு கரண்டை விடும் பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பி முறுக்கியிருந்தது. மேலே அட்டை ஆடிக்கொண்டிருந்தது. கூண்டருகே அன்னபாக்கியம் என்ற வயதான அம்மா, லண்டன் மகன் வேலைக்குப் போகும் முன் எடுப்பானே, சுணங்காதை தம்பி என்று இராமரைக் கேட்டபடி இருந்தார்.

இயந்திரச் சத்தம் கேட்டதும் ஜீப்பில் வந்தவர்கள் மதிலோரம் படுத்தார்கள். ஒழுங்கையில் நின்ற சனம் ஓடியது. யாரும் உள்ளே போகத் தயாராக இல்லை. தங்கையா போகிறேன் என்றார். இன்ஸ்பெக்டர் யோசித்தார். வெடித்தால் அவன்தானே போவான் என்று யாரோ பின்னால் சொன்னது தங்கையாவுக்குக் கேட்டது. விலங்கோடு நடந்தார். முஹம்மதுவும் கூட நடந்தார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை.

இராமர் திரும்பிப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார். கை பொத்தானில் இருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றது.

"இராமா, கைய எடு. கம்பத்துல ஆள்."

இராமர் கையை எடுத்தார். தங்கையா விலங்குக் கைகளை உயர்த்திச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் இரண்டு தரம் இருமி நின்றது. செப்புக் கம்பியைப் பிடுங்கி இராமர் கையில் கொடுத்தார். இராமர் அதையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல எழுதியிருந்துச்சா அண்ணே?"

"ஆமா."

"எனக்குன்னு எழுதலயே."

 

குணதிலக்க கம்பத்திலிருந்து இறங்கி வந்து பெட்டியைப் பார்த்தார். லைன்காரனுக்கு விளக்கம் தேவையில்லை. சிவப்புத் துண்டு வயரைப் பார்த்தார், செப்புக் கம்பியைப் பார்த்தார், மதிலில் சாய்ந்து சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார். பிறகு எழும்பி இன்ஸ்பெக்டரிடம், இது குண்டு இல்லை, இவன் என்னைக் காப்பாற்றியிருக்கிறான் என்றார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதராக இருந்திருக்கலாம். ஆனால் அறிக்கை மேலே போய்விட்டது. மேலே போன காகிதத்தைக் கீழே இழுக்க இந்த நாட்டில் எவனாலும் முடியாது. தங்கையாவையும் இராமரையும் ஏற்றினார்கள். லொட்ஜில் இருந்த ஒன்பது பொடியன்களையும் ஏற்றினார்கள்.

பொடியன்கள் மறுநாள் வந்துவிட்டார்கள், இருவரைத் தவிர. அந்த இருவரும் இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். இராமர் மூன்றாம் நாள் வந்தார். தங்கையா பதின்மூன்று வாரம் உள்ளே இருந்தார். பெட்டி செய்தவனைச் சரியாகத் தெரியாது, யாரோ சொல்லி வந்தவன் என்று கனகசபாபதி எழுதிக் கொடுத்தார். அவருக்கும் பயம். நான் அவரை மன்னிக்கவில்லை, தங்கையா மன்னித்தார். குணதிலக்க தன் பேரும் சேவை இலக்கமும் போட்டு மூன்று கடிதம் எழுதினார். அவற்றை யாராவது வாசித்தார்களா தெரியாது. பாக்கியலெட்சுமி ஒவ்வொரு வெள்ளியும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய் வாசலில் நின்றார். தமிழில் எழுத வேண்டாம் என்று சொன்னது தான்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒரு நாள், "நா சொன்ன பேச்சாலதான் இவ்வளவும்" என்றார். அதுவல்ல காரணம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

வெளியே விட்டபோது தங்கையாவின் வலது கைச் சுட்டுவிரல் மடங்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார். சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். டைமர்கள் இல்லை. இரும்புப் பூட்டு இருந்தது. பீங்கான் பியூஸும் இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலையில் வெள்ளவத்தைக்குப் போனார். பாக்கியலெட்சுமி தடுக்கவில்லை. அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. பொலிஸ் சுற்றிய நாடாவோடு, தற்காலிகச் சிவப்பு வயர் உள்ளேயே கிடக்க, ஒரு பூட்டும் இல்லாமல். பதின்மூன்று வாரமாக ஒருவரும் தொடவில்லை. கனகசபாபதி மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கீழே வந்தது.

தங்கையா முதலில் சிவப்புத் துண்டைக் கழற்றினார். வயர் பூட்டைச் சரியாக இழுத்தார். இரும்புப் பூட்டை இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் மாட்டினார். மடங்காத விரலால் திருகாணி சரியாகப் பிடிபடவில்லை, இராமர் பிடித்துக் கொடுத்தார். ஒரு சுவிட்சைக் கையால் அழுத்தி மற்றதையும் அழுத்தப் பார்த்தார். போகவில்லை. முழுப் பலத்தோடு அழுத்தினார். போகவில்லை. இராமரையும் அழுத்தச் சொன்னார்.

பிறகு பழைய அட்டையைக் கழற்றினார். புதிதாக ஒரு வெள்ளை அட்டையில் சிங்களத்தில் எழுதினார், இங்கிலீசில் எழுதினார். மேலே முதல் வரிக்கு இடம் விட்டிருந்தார். பேனையை இராமரிடம் கொடுத்தார்.

"என்ன எழுத அண்ணே?"

"நீ பாத்தா எது எழுதியிருந்தா கைய எடுப்பியோ, அத எழுது."

இராமர் அட்டையை மெஷின் மேல் வைத்தார். ஒழுங்கையின் வாசலில் ஆமிக்காரர்கள் நிற்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கோணல் எழுத்தில், அட்டையின் பாதியை அடைத்துக்கொண்டு எழுதினார்: கம்பத்தில் ஆள்.

தங்கையா அதை வாசித்தார், வேலை முடிந்த பிறகும் அது அங்கேயே இருக்கட்டும் என்றார். அட்டையைத் தொங்கவிட்டார். பிறகு சட்டைப்பையில் இருந்த பியூஸை எடுத்து, அதன் இடத்தில் வைத்து அழுத்தினார்.